மாமியாருக்கு அமைத்த முகம்

இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்தும் தனியார் நிறுவனம் ஒன்றின் பின்கட்டில், தரை ஈரம் என்றுமே முழுதாகக் காயாத ஓர் அறையில், இறந்தவர்களின் உடலுக்கு மருந்து ஏற்றும் வேலை அவளுடையது. முன்கட்டில் கண்ணாடி மேசையும் துணிப் பூக்களும் தாழ்ந்த குரலில் பேசும் மேலாளரும் உண்டு. மேலாளர் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று தொடங்கிய வாக்கியத்தை முடிப்பதற்குள், கையுறையைக் கழற்றியபடியே அவள் வெளியே வந்து, “எதுக்கு எம்பாமிங்? காரணத்தைச் சொல்லுங்க” என்பாள்.

ஒல்லியான உடம்பு. உரசினால் பற்றிக்கொள்ளும் குணம். உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் தீக்குச்சி. அது தன் காதில் விழுந்த அன்று அவள் சண்டைக்குப் போகவில்லை. “தெரிஞ்சுதானே பேரு வச்சீங்க? அப்ப தள்ளியே நில்லுங்க” என்றாள். தள்ளித்தான் நின்றார்கள்.

காரணம் கேட்பது வம்புக்காக அல்ல. காரணத்தைப் பொறுத்து மருந்தின் அளவும் வேலையின் முறையும் மாறும். வேறு நாட்டுக்கு விமானத்தில் போக வேண்டிய உடல் என்றால், பதப்படுத்தியதற்கான சான்று இல்லாமல் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். தொலைவிலிருக்கும் பிள்ளைக்காகக் காத்திருக்கும் உடல் என்றால், முகமும் கைகளும் நிறம் மங்காமல் இருக்க வேண்டும். விபத்தில் இறந்தவனை அவனைப் பெற்றவள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால், மருந்து பாதி வேலைதான். மீதி வேலை ஊசிக்கும் மெழுகுக்கும். இவற்றையெல்லாம் அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வாள்.

மற்றக் காரணங்களோடு வருபவர்கள் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஒருவருக்கு இரண்டு குடும்பங்கள் இருந்து, உடலை எந்த வீட்டு வாசலிலிருந்து எடுப்பது என்ற சண்டை தீரும்வரை கெடாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். “சண்டை தீர்ற வரைக்குமா? அதுக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கலை” என்றாள். உயிரோடிருந்தபோது எட்டிப் பார்க்காத மகன் ஒருவன், “அப்பா ஃபிரெஷ்ஷா இருக்கணும்” என்றபோது, “மீனு வாங்க வந்தியா தம்பி?” என்று கேட்டாள். மேலாளர் அன்று முழுவதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளிடம் ஒரு விதி இருந்தது. நிறுவனத்தின் விதி அல்ல, அவளே வகுத்துக்கொண்டது. கண்களை மூடுவது எளிது. மூடிய கண்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கும். ஆளை ஆளாகக் காட்டுவது வாய். தாடையை உள்ளிருந்து நூலால் இழுத்துக் கட்டி, உதடுகளைப் பொருத்தி, அதன் பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும். மருந்து பரவியதும் தசை இறுகிவிடும். அப்போது எந்த வாய் இருந்ததோ அதுதான் கடைசி வரைக்கும். ஆகவே மருந்தைத் தொடுமுன் கதவைத் திறந்து கேட்பாள்: “வாய்க்கு யாரு?”

புரியாமல் விழிப்பவர்களுக்கு விளக்குவாள். “இவங்களோட கூட உட்கார்ந்து சாப்பிட்டவங்க யாராவது ஒருத்தர் உள்ள வாங்க. போட்டோ வேணாம். போட்டோவுல எல்லாரும் நடிப்பாங்க. சாப்பிடறப்ப நடிக்க முடியாது.”

உள்ளே வருபவர் உதடுகளைப் பார்த்துச் சொல்வார், அவள் திருத்துவாள். ஒருமுறை ஓர் அம்மாள் தன் கணவரின் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சாந்தமா வச்சா எங்க பிள்ளைங்களுக்கே அடையாளம் தெரியாதும்மா. கொஞ்சம் கடுகடுன்னு வைங்க” என்றார். தீக்குச்சி அப்படியே வைத்தாள். பிள்ளைகள் வந்து பார்த்ததும் அழுதார்கள். அந்த அழுகைதான் தன் வேலைக்குக் கிடைக்கும் கையெழுத்து என்று அவள் நினைத்தாள்.

திருமணத்தின்போது அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவன். தொழிற்சாலை மூடப்பட்ட பின் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போனாள். பிண அறையில் பரிசோதனை முடிந்த உடல்களைச் சாக்குப்பை தைப்பதுபோல் தைத்திருப்பதைக் கண்டு, “இப்படித் தச்சா எங்க சூப்பர்வைசர் பிரிச்சு மூஞ்சியில எறிஞ்சிருப்பாரு” என்று சொல்லி ஊசியை வாங்கியவள், அதன் பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. பயிற்சிக்குப் போனாள், சான்றிதழ் பெற்றாள், தனியார் நிறுவனத்துக்கு மாறினாள்.

மாமியாரோ இதை ஒரு மோசடியாகவே கருதினார். “தையல்காரின்னு சொல்லித்தானே கட்டி வச்சாங்க? சட்டை தைப்பான்னு பார்த்தா சவம் தைக்கிறா” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மருமகள் உட்காருமுன் நாற்காலியில் செய்தித்தாளை விரித்தார். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று தனிச் செம்பு ஒன்று வந்தது. தீக்குச்சியும் சளைத்தவள் அல்ல. “செய்தித்தாளை மாத்திப் போடுங்க அத்தை, இதை நேத்தே படிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டு அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்வாள். மாமியாரின் மேலுதடு கீழுதட்டின்மேல் அழுந்தும். வலது ஓரம் கொஞ்சம் கீழே இழுபடும். பதில் வராது. அந்த உதட்டோரம்தான் பதில்.

மாமியார் தட்டை எடுத்துக்கொண்டு தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டே சாப்பிடுவார். அந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருக்கும் மகள் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தீக்குச்சிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவளும் தன் பங்குக்குப் பாத்திரங்களைச் சற்று ஓங்கியே வைப்பாள். கணவன் வில்லைத் தூள் படிந்த விரல்களால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, இரண்டு சத்தமும் கேட்காதவன்போல் இருப்பான்.

ஒரு காலைப்பொழுதில் மாமியார் குளியலறை வாசலில் விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்த மூத்த மகன் மறுநாளே அடக்கம் என்று முடிவு செய்துவிட்டார். வெளிநாட்டிலிருந்த தங்கைக்கோ புயலால் விமானங்கள் ரத்தாகி, வந்து சேர ஒரு வாரம் பிடிக்கும் நிலை. கூடத்தில் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு பேச்சு நடந்தது.

“ஒரு வாரம் எப்படி வச்சிருக்கிறது? கடைச் சரக்கா இது?” என்றார் மூத்தவர்.

“எம்பாமிங் பண்ணுங்க.” கைபேசியிலிருந்து நாத்தனாரின் குரல் கரகரத்தது. “நான் வர்ற வரைக்கும் அம்மா முகம் அப்படியே இருக்கணும். நான் பார்க்காம பெட்டியை மூடினீங்கன்னா எனக்கு அண்ணனுங்களே கிடையாது.”

“பெரிய நஷ்டம்தான்” என்றார் மூத்தவர். பிறகு பற்களைக் கடித்துக்கொண்டு, “சரி. அந்த கம்பெனியில ஒரு ஆம்பளை இருக்காராமே, அவரை வச்சு...” என்று தொடங்கினார்.

“ஆம்பளை கையா? அம்மா மேலயா? டாக்டரே ஆம்பளைன்னா திரும்பி வந்துருவாங்க அம்மா. பொம்பளைதான் செய்யணும்.”

ஊரில் அந்த வேலை தெரிந்த ஒரே பெண் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணி கையும் படக் கூடாதுதான்” என்றது கைபேசி. “வேற வழி இல்லை.”

“எனக்கும் ஆசை கிடையாது” என்றாள் தீக்குச்சி. “உங்க அம்மா இருந்த வரைக்கும் என் கை பட்ட தண்ணியைக் குடிக்கலை. இப்ப என் மருந்தை மட்டும் ஏத்திக்கணுமா?”

“பார்த்தியா? செத்தும் விட மாட்டேங்கறா!” மூத்தவர் எழுந்தார்.

கணவன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “செஞ்சுடு” என்றான் மெதுவாக. “தங்கச்சி பார்க்கணும்னு ஆசைப்படுது. அவ்வளவுதானே?”

அவளுடைய தொழிலில் அதைவிட நேர்மையான காரணம் இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது; தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. கையுறைப் பெட்டியைத் தேடிக்கொண்டு போனாள்.

நிறுவனத்தின் பின்கட்டில், மேசையில் கிடந்த உடலைக் கழுவினாள். விறைத்த கைகால்களை மடக்கி நீட்டி இளக்கினாள். வேலையில் அவள் குறை வைக்கவில்லை. பிடிக்காதவர் என்பதற்காக நகத்திடுக்கில் ஓர் அழுக்கையும் விட்டுவைக்கவில்லை. தலைமுடியை வாரி, அந்த அம்மாள் வழக்கமாக எடுக்கும் வகிடு எடுத்தாள். கண்களை மூடினாள். தாடையை நூலால் கட்டினாள். பிறகு உதடுகளைப் பொருத்தத் தொடங்கினாள். விரல்களுக்கு யோசனையே தேவைப்படவில்லை. மேலுதடு கீழுதட்டின்மேல் அழுந்தியது. வலது ஓரம் கொஞ்சம் கீழே இறங்கியது.

கதவுக்கு வெளியே கணவன் நின்றிருந்தான். அவளுடைய விதி அவனுக்குத் தெரியும். “வாய்க்கு நான் வரட்டுமா?” என்று கேட்டான்.

“நான் பார்க்காத வாயா அது?” என்றாள் உள்ளிருந்தபடியே. “போய் உட்காருங்க.”

அவன் போய் உட்கார்ந்தான். அவள் கழுத்தருகே கீறி, குழாயைப் பொருத்தி, இயந்திரத்தை முடுக்கினாள். இளஞ்சிவப்பு மருந்து உள்ளே போகப் போக, வெளிறியிருந்த கன்னங்களில் உயிர் வந்ததுபோல் நிறம் ஏறியது. உதட்டோரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். இறுகியிருந்தது. அசல் மாமியார். நாற்காலியில் செய்தித்தாள் விரிக்கத்தான் ஆள் இல்லை.

உடல் நிறுவனத்தின் கூடத்தில், திறந்த பெட்டியில் வைக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் அனைவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்வாங்கி, “அப்படியே இருக்காங்க. அரிசியில கல்லுன்னு இப்ப சொல்லுவாங்கன்னு தோணுது” என்றார். மாடிக் குடித்தனக்காரர், “அப்படியே இருக்காங்களே!” என்று சொல்லி, பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் தீக்குச்சியின் கையைப் பிடித்து, “என்ன கைம்மா உனக்கு! அச்சு அசல்” என்றார். அந்தக் குடும்பத்தின் சார்பில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. சொன்னது குடும்பத்தைச் சேராதவர். மூத்தவரே ஒருமுறை பெட்டியருகே நின்றுவிட்டு, “தப்பு சொல்ல முடியாது” என்று முணுமுணுத்தார். தீக்குச்சி தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடமாடினாள்.

நாத்தனார் நேரே விமான நிலையத்திலிருந்து வந்தாள். கசங்கிய உடை, வீங்கிய கண்கள், கையில் இன்னும் விடாத பயணப் பை. பெட்டியருகே ஓடி வந்தவள் உள்ளே பார்த்தாள். அழுகை வருவதற்காக எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அழுகை வரவில்லை.

“இது யாரு?” என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை.

“எங்கம்மா எங்க? இது எங்கம்மா இல்லை.” அவள் திரும்பித் தீக்குச்சியைப் பார்த்தாள். “என்ன பண்ணி வச்சிருக்கீங்க அண்ணி?”

“உங்கம்மாவைத்தான் வச்சிருக்கேன். ஊரே வந்து அப்படியே இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போகுது, கேட்டுப் பாரு.”

“பழி தீர்த்துக்கிட்டீங்க. உயிரோட இருக்கறப்ப ஜெயிக்க முடியலை. செத்த பிறகு மூஞ்சியைக் கோணலா தச்சு வச்சுட்டீங்க. அம்மாவைக் கடைசியா ராட்சசியா காட்டணும், அதானே?”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் மூத்தவர். பெட்டியருகே நின்று என்ன முணுமுணுத்தார் என்பதை அவர் மறந்திருந்தார்.

“வாயை அளந்து பேசு” என்றாள் தீக்குச்சி. “கோணலா தைக்கறவளா நான்? எனக்கு இத்தனை வருஷமா எந்த முகத்தைக் காட்டினாங்களோ அதைத்தான் வச்சேன். வேற முகம் வேணும்னா அதை எனக்கும் கொஞ்சம் காட்டியிருக்கணும்.”

நாத்தனார் பயணப் பையைக் கீழே போட்டாள். கைபேசியை எடுத்து, எதையோ தேடி, தீக்குச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க. தினம் எனக்குத் தெரிஞ்ச முகம் இதுதான்.”

திரையில் மாமியாரின் அறை. சாத்திய கதவு, மடியில் தட்டு, கையில் பிய்த்த ரொட்டி. அந்த அம்மாள் வாயில் உணவோடு சிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் மேலேறிக் கண்களை மறைத்தன. வலது உதட்டோரம் கீழே இறங்கவில்லை. மேலே வளைந்து ஒரு சிறு குழியில் போய் முடிந்தது. முன்பல் ஒன்றின்மேல் இன்னொன்று சாய்ந்திருந்தது.

தீக்குச்சி அதைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பின் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அது இப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சாய்ந்த பல் அவளுக்குத் தெரிந்ததுதான். தாடையைக் கட்டும்போது பார்த்திருந்தாள். பார்த்தும் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கதவைத் திறந்து கேட்கிற கேள்வியைத் தன் வீட்டுக்காரர்களிடம் அவள் கேட்கவில்லை.

“மாத்துங்க” என்றாள் நாத்தனார்.

“மாத்த முடியாது. மருந்து இறுகிடுச்சு.”

“அதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? அதுக்கா ஒரு வாரம் காக்க வச்சேன்? அதுக்கு அன்னைக்கே புதைச்சிருக்கலாமே. நான் நினைப்புலயாவது பார்த்துட்டு இருந்திருப்பேன்.” இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, துக்கத்தின் அழுகையாக இல்லை, ஏமாற்றப்பட்டவளின் அழுகையாக இருந்தது. “இனிமே கண்ணை மூடினா எனக்கு இந்த முகம்தான் வரும்.”

அடக்கத்துக்கான வண்டி மாலையில் வரவிருந்தது. தீக்குச்சி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாமியாரின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். முதல்முறையாக அதில் ஒரு பிழை தெரிந்தது.

“இழுக்க முடியாது” என்றாள், யாரிடமும் இல்லாமல். “நிரப்பலாம்.” பிறகு கணவனிடம் திரும்பி, “எல்லாரையும் வெளிய அனுப்புங்க. இவ மட்டும் இருக்கட்டும்” என்றாள்.

“இன்னும் ஒரு தடவை அம்மா மேல கை வைக்க விடணுமா?” என்று மூத்தவர் குறுக்கே வந்தார்.

“வைக்கட்டும்” என்றாள் நாத்தனார். “நான் பக்கத்துலயே நிக்கறேன். ஏதாவது பண்ணினாங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்.”

“ஒடி. முடிச்ச பிறகு ஒடி” என்றாள் தீக்குச்சி. பின்கட்டுக்குப் போய்த் தன் கருவிப் பெட்டியை எடுத்து வந்தாள்.

மெல்லிய ஊசியால் கன்னத்தின் உட்புறத்திலிருந்து நிரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். வலது கன்னம் சற்றே உயர்ந்தது. உதட்டோரம் அசையவில்லை. அந்த ஓரத்தின்மேல் தோல் நிற மெழுகைத் தடவி, கீழ்நோக்கிய மடிப்பை மூடி, சிறு கரண்டியால் புதிதாக ஒரு மடிப்பு கீறினாள்.

“அங்க இல்லை. இன்னும் மேல.”

“தெரியுது.”

“தெரிஞ்சிருந்தா முதல்லயே பண்ணியிருப்பீங்க.”

“கைபேசியை ஆட்டாம பிடி. ஆடினா எனக்கு உன் அம்மாவுக்குப் பதிலா உன் கட்டைவிரல்தான் தெரியுது.”

நாத்தனார் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இருவர் தலையும் ஏறக்குறைய முட்டின. “குழி” என்றாள். “அந்தக் குழியை விட்டுட்டீங்க.”

“அது கடைசியில. எதுக்கு அவசரம்?” தீக்குச்சி விரல் நுனியால் மெழுகை அழுத்தினாள். “எதுக்குச் சிரிக்கிறாங்க இதுல?”

“உங்களைப் பத்தித்தான்” என்றாள் நாத்தனார்.

“அதானே பார்த்தேன்.”

“எதிர்வீட்டு அம்மா பஞ்சாயத்துக்கு வந்தப்ப நீங்க ஏதோ கேட்டு அவங்களைத் துரத்தி விட்டீங்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. ‘நாக்கா அது, கத்தரிக்கோல்’னாங்க.” அவள் குரலில் இளக்கம் இல்லை. “அதுக்காக உங்களைப் பிடிச்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. பிடிக்கவே பிடிக்காது.”

“எனக்கும்தான்” என்றாள் தீக்குச்சி. குழியை வைத்தாள். உதடுகளுக்கு நடுவே மிக மெல்லிய கோடாக நிழல் தீட்டி, உள்ளே பல் இருப்பதுபோல் காட்டினாள். கன்னத்தில் வண்ணம் கலந்தாள். எட்டி நின்று பார்த்தாள். திரையில் இருந்த சிரிப்பு முழுதாக வரவில்லை. சிரித்து முடித்துவிட்டு, அது முகத்தை விட்டுப் போவதற்கு முன்னால் இருக்கும் நிலை வந்திருந்தது.

நாத்தனார் கைபேசியை இறக்கினாள். பெட்டியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போதும்” என்றாள். “நீங்க வெளிய போங்க.”

நன்றி என்று எதுவும் இல்லை. தீக்குச்சி அதற்காக நிற்கவும் இல்லை. கதவைத் திறந்ததும் வெளியே காத்திருந்த மூத்தவர் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இது என்ன? அம்மா எங்க சிரிச்சாங்க இப்படி?”

“அவகிட்ட சிரிச்சிருக்காங்க.”

“நான் மூத்த பிள்ளை. எனக்குத் தெரியாதா எங்க அம்மா முகம்? முதல்ல இருந்ததுதான் அம்மா. இது யாரோ. பழையபடி மாத்து.” தம்பியின் தோளைப் பிடித்து இழுத்தார். “நீ சொல்லுடா. உன்கிட்ட என்னைக்காவது இப்படிச் சிரிச்சிருக்காங்களா?”

கணவன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். நாளெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெளிவு தேய்த்துக் கொடுப்பவன், அன்று தன் கண்ணை நம்பாதவன்போல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். “எனக்கு ஞாபகம் இல்லை, அண்ணா” என்றான். “இருந்திருக்கும். ஞாபகம் இல்லை.”

“இருந்திருக்காது!” மூத்தவரின் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க அவர் இன்னும் உரக்கக் கத்தினார். “ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நான். மாசாமாசம் மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான். சிரிப்பு மட்டும் அவளுக்கா? வழி விடு. நான் பெட்டியை மூடறேன்.”

தீக்குச்சி கதவின் குறுக்கே கையை வைத்தாள். மெழுகு ஒட்டிய விரல்கள் நிலையில் பதிந்தன. “அத்தான், இந்த மருந்தை ஏத்தச் சொன்னது அவ. இத்தனை நாள் வச்சிருந்தது அவளுக்காக. அவ பார்த்து முடிக்கட்டும்.”

“நீ யாரு எனக்குச் சொல்ல?”

“இந்த இடத்துக்கு நான்தான் ஆளு. வீட்டுல நீங்க எப்படி வேணும்னாலும் இருந்துக்கங்க. இங்க நான் சொல்றதுதான்.”

“அவகூடச் சேர்ந்துக்கிட்டியா?”

“அவளா? நாளைக்கே அவ என் முகத்துல முழிக்க மாட்டா. நானும் முழிக்க மாட்டேன்.” கையை எடுக்கவில்லை. “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. தள்ளி நில்லுங்க.”

அவர் தள்ளி நிற்கவில்லை. ஆனால் மேலும் நெருங்கவும் இல்லை. இருவரும் மூச்சுக் காற்று படும் தூரத்தில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நாத்தனார் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். விமானம் ரத்தானதைப் பற்றி, வழியில் பட்ட பாட்டைப் பற்றி, தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதுபோல். ஓரிடத்தில் சிறிது சிரித்தாள்கூட. வெளியே மூத்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்ட பிறகே கதவு திறந்தது. நாத்தனாரின் முகம் கழுவியதுபோல் இருந்தது. தீக்குச்சியைத் தாண்டிப் போனாள், பார்க்கவில்லை. மூத்தவரிடம் மட்டும், “மூடிடலாம் அண்ணா” என்றாள்.

அவர் உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். மூடியைப் பிடித்த கை உடனே இறங்கவில்லை. பிறகு தங்கையைப் பார்க்காமலே, “அந்தப் படத்தை எனக்கும் அனுப்பு” என்றார். அவள் கீழே கிடந்த பயணப் பையை எடுத்துக்கொண்டாள். அவர் மூடியை இறக்கினார்.

தீக்குச்சி சவப்பெட்டியருகே சிதறிக் கிடந்த மெழுகுத் துணுக்குகளைத் துடைத்தெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகத் தன் கருவிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, தூக்குபவர்களை உள்ளே வரச் சொன்னாள்.